உப்புக்குளத்தில் ஒரு குன்றுப்புறம்

தங்கையா மேசன் மன்னார் நகரத்தில் இருபத்தாறு வருடமாக வீடு கட்டி வந்தார். சின்னக்கடையில் ஏழு, உப்புக்குளத்தில் பதினொன்று, மற்றப் பக்கங்களில் கணக்கில்லை. கட்டிய எந்த வீட்டிலும் அவர் குடியிருந்ததில்லை. பொழுது சாய்ந்ததும் புதுச்சுவருக்குத் தண்ணீர் அடித்துவிட்டு, சாந்து பூசும் சாந்தகப்பையைக் கழுவிச் சாக்கில் சுற்றிக்கொண்டு, மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி உயிலங்குளத்துக்குப் போய்விடுவார். அங்கே வயலோரத்தில் அவருக்கும் மனைவி பாலம்மாவுக்கும் இரண்டு அறை வீடு ஒன்று இருந்தது. பிள்ளைகள் இருவரும் கலியாணம் கட்டி வவுனியாவில் இருந்தார்கள். அந்த வீடே போதும் என்று இருந்தவர்களை நகரத்துக்கு இழுத்தது பாலம்மாவின் நியமனக் கடிதம்.

பாலம்மா வைத்தியசாலையில் பதினொரு வருடம் தொண்டராக வேலை செய்தவள். நோயாளியைத் தூக்குவது, படுக்கை மாற்றுவது, கழுவுவது, துடைப்பது என்று நிரந்தரமானவர்கள் செய்யும் எல்லாவற்றையும், நிரந்தரமானவர்கள் செய்யாத சிலவற்றையும் செய்தாள். நாற்பத்து நான்கு வயதில், இனி வராது என்று அவள் மறந்துபோன நேரத்தில், நிரந்தர நியமனம் வந்தது. கடிதத்தின் ஆறாவது பந்தியில் ஒரு நிபந்தனை. கடமையேற்ற நாளிலிருந்து தொண்ணூறு நாட்களுக்குள் அவள் மன்னார்த் தீவுக்குள் குடியிருக்க வேண்டும். பாலத்துக்கு அந்தப் பக்கமிருந்து வருபவர்கள் காலை வேலைக்குப் பிந்துகிறார்கள் என்று யாரோ எங்கேயோ கண்டுபிடித்திருந்தார்கள்.

கணவன் மனைவிக்குள் இருந்தது ஒரேயொரு கேள்விதான். உப்புக்குளமா, தாராபுரமா? பாலம்மாவுக்கு உப்புக்குளம். விடிய ஐந்தே முக்காலுக்குப் புறப்பட்டு நடந்தே வேலைக்குப் போகலாம். தங்கையாவுக்குத் தாராபுரம். அவரோடு பதினைந்து வருடமாகச் சேர்ந்து வேலை செய்யும் தச்சர் சரிபுதீன் அங்கே இருந்தார். தன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் துண்டுக் காணியை விட்டுத் தருவதாகவும் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை இரண்டு இடத்தையும் சுற்றிப் பார்த்துவிட்டு, வரும் வழியில் ஒரு தேநீரைக் குடித்து முடிவெடுப்பது என்று ஏற்பாடு.

அதற்கு முன் வெள்ளிக்கிழமை, புது வதிவிடத்துக்கு என்னென்ன கடிதம் வேண்டும் என்று கேட்க, தங்கையா கிராம சேவகர் யாகப்பரிடம் போனார். யாகப்பர் இந்த உலகத்தில் தன்னால் கையெழுத்து வைக்கக்கூடிய எதற்கும் கையெழுத்து வைக்கிற நல்ல மனிதர். ஆனால் இப்போது ஒரு மாற்றம் வந்திருப்பதாகச் சொன்னார். நகரத்துக்குப் புதிதாகக் குடிவருகிற எவருக்கும் வதிவிடக் கடிதம் கொடுப்பதற்கு முன், அவர் பொருத்தச் சான்றிதழ் காட்ட வேண்டும். எந்தக் குறிச்சி, எந்த மாதிரி வீடு அவருக்குப் பொருத்தம் என்று அதில் எழுதியிருக்கும். கொடுப்பது நகரக் குடியமர்வுத் தெரிவு வழிகாட்டல் கந்தோர் என்ற அரசாங்க அலுவலகம். பரீட்சார்த்தத் திட்டம். நாட்டிலேயே முதல் தடவையாக மன்னாரில்.

"என்ரை வீட்டை நானே தெரிவு செய்யக் கூடாதோ?" என்று தங்கையா கேட்டார்.

"செய்யலாம்" என்றார் யாகப்பர். "அவை சொன்னாப் பிறகு."

கந்தோர் ஒரு கடைத்தொகுதியின் மேல்மாடியில் இருந்தது. உள்ளே அப்படியொரு குளிர். வரவேற்பில் இருந்த டினோஜா என்ற இளம் உத்தியோகத்தர் கம்பளிச் சட்டை போட்டிருந்தாள். அவள் தங்கையாவைக் கதிரையில் இருத்தி, தண்ணீர் கொடுத்து, முப்பத்திரண்டு பக்கப் படிவம் ஒன்றையும் கொடுத்தாள். அவசரப்படாமல் மனதைத் திறந்து நிரப்பும்படி சொன்னாள். படிவங்கள் எல்லாவற்றிலும் தகப்பன் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் கேட்டே பழகிய தங்கையா, மனதைத் திறக்கச் சொல்லும் படிவத்தை அன்றுதான் கண்டார்.

கடலைப் பார்க்க விருப்பமா? ஆம் எனில் நாளொன்றுக்கு எத்தனை நிமிடம், நின்றுகொண்டா இருந்துகொண்டா? மாலை நேரத்தில் உங்கள் எண்ணங்கள் எந்தத் திசையில் செல்கின்றன? அயலவர் உரத்துப் பாடினால் நீங்கள் (அ) சேர்ந்து பாடுவீர்களா, (ஆ) யன்னலைச் சாத்துவீர்களா, (இ) இடம்பெயர்வீர்களா? தங்கையாவுக்குப் பாடத் தெரியாது. உயிலங்குளத்து வீட்டு யன்னலுக்குக் கொளுக்கி இல்லை. இடம்பெயர்வதில் நல்ல அனுபவம் இருந்ததால் (இ) என்று போட்டார். வீடு என்றதும் மனதில் தோன்றும் மூன்று சொற்களை எழுதுக என்ற இடத்தில் அதிகம் யோசிக்காமல் சீமெந்து, மணல், கம்பி என்று எழுதினார். பிறந்த இடம் என்பதில் மாத்தளை.

இருபத்திரண்டு நாள் கழித்து முடிவு வந்தது. தங்கையாவையும் பாலம்மாவையும் பணிப்பாளர் செல்வநாயகம் நேரில் சந்தித்து விளக்கினார். செல்வநாயகம் ஐம்பது வயது மதிக்கத்தக்க, நன்றாக உடுத்த, மரியாதையான மனிதர். கொழும்பில் பெரிய பதவியில் இருந்துவிட்டு இந்தத் திட்டத்துக்கென்றே வந்தவர். எந்த விடயத்தையும் ஏதோ துக்கச் செய்தி சொல்வதுபோல இரண்டு கையையும் சேர்த்துவைத்துக்கொண்டே சொல்வார்.

தங்கையா எண்பத்தேழு வீதம் மலைசார் ஆளுமை என்று கணினி கண்டிருந்தது. அவருக்குப் பொருத்தமான குறிச்சி குன்றுப்புறம். பொருத்தமான வீடு கால்மேல் வீடு, அதாவது ஒன்பது அடித் தூண்களுக்கு மேல் நிற்கும் பலகை வீடு.

"நான் மாத்தளையிலை இருந்து வரேக்கை எனக்கு நாலு வயசு ஐயா" என்றார் தங்கையா. "அப்பா தோளிலை வச்சுக்கொண்டு வந்தவர். மலையிலை எனக்கு ஞாபகம் இருக்கிறது காலைக் கடிச்ச அட்டை மட்டும்தான்."

"அதுதான் ஆழ்மனம்" என்றார் பணிப்பாளர்.

தங்கையாவின் அப்பாவைத் தோட்டத்து லயத்திலிருந்து எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் துரத்தியவர்கள் இப்படி ஒரு சோதனையும் வைக்கவில்லை, படிவமும் கொடுக்கவில்லை. வந்த இடத்தில் வயலும் வெயிலும் என்று பழகி ஆளாகியாயிற்று. இப்போது அரசாங்கமே குளிரூட்டிய அறையில் வைத்து, நீ மலைக்காரன், உனக்கு மலைதான் சரி என்று மரியாதையாகச் சொல்கிறது.

மேசையில் தெரிவேடு என்று ஒரு புத்தகம் இருந்தது. பாலம்மா அதைப் புரட்டிப் பார்த்தாள். வழுவழுப்பான தாளில் அழகான படங்கள். நடுவே வளைந்து ஓடும் பெரிய ஆறு, அதன் இரண்டு பக்கமும் பச்சைக் குன்றுகள், ஊதாப் பூ சொரியும் மரங்கள், தூண்களின் மேல் வெள்ளை வீடுகள். வெளிநாட்டில் எங்கேயோ இருக்கிற, நம்முடையதைவிடக் கொஞ்சம் குளிர்ந்த ஒரு நகரத்துக்காக ஒரு நிபுணர் எழுதியது. அந்த நகரத்துக்குக் குடிபோகிறவர்கள் எந்தக் குறிச்சியில் எந்த வீட்டைத் தெரிவு செய்வது என்பதற்கான கையேடு. அதைத்தான் தமிழில் பெயர்த்திருந்தார்கள். குறிச்சிகள் நான்கு. ஆற்றங்கரை, குன்றுப்புறம், பழநகர், பூங்காவூர்.

இதில் உப்புக்குளம் எங்கே என்று பாலம்மா கேட்டாள். உப்புக்குளம் என்பது இடத்தின் பெயர், கந்தோர் கொடுப்பது இடம் இல்லை, வாழ்வுச்சூழல் என்று டினோஜா பக்கத்திலிருந்து மெதுவாகச் சொன்னாள். சொல்லும்போது அவள் பாலம்மாவைப் பார்க்கவில்லை.

தெரிவேட்டில் கண்ட ஆறு மன்னாரில் எங்கே ஓடுகிறது என்று தங்கையா விசாரித்தார். அது ஒரு சிறிய குறைபாடுதான் என்று செல்வநாயகம் ஒப்புக்கொண்டார். ஆற்றங்கரைக்குப் பொருத்தமான அறுபத்து மூன்று விண்ணப்பங்கள் ஆறு கிடைக்காமல் கிடப்பில் இருந்தன. ஆனால் தங்கையா அதிர்ஷ்டசாலி. போன மாதம்தான் குன்று கிடைத்தது.

குன்றைப் பார்க்கக் கந்தோர் வானில் கூட்டிப்போனார்கள். கணவன் மனைவி இருவருக்கும் ஆளுக்கொரு தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் கொடுத்தார்கள். வான் நகரத்தைத் தாண்டி, பாலத்துக்குப் போகும் வழியில் ஓரமாக நின்றது. அங்கே சிவப்புக் கிரவல் ஒரு பனையின் பாதி உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. பக்கத்தில் ஒரு பலகை. "குன்றுப்புறம், கட்டம் ஒன்று. காட்சித்தளம் மேலே." மேலே ஒரு கழுதை நின்று ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

தங்கையாவுக்கு அந்தக் குவியலைத் தெரியும். அதைக் கொண்டுவந்து பறித்த லொறிக்காரனையும் தெரியும். "ஐயா, இது றோட்டு வேலைக்குப் பறிச்ச கிரவல்" என்றார்.

செல்வநாயகம் கோபிக்கவில்லை. "எல்லாக் குன்றும் எங்கேயோ இருந்து வந்ததுதானே, தங்கையா" என்றார். பிறகு, குன்றை வைத்துக்கொண்டு சரிவில் பத்து வீடு, அடிவாரத்தில் எட்டு வீடு என்று வரைபடம் ஒன்றை விரித்தார். காற்று அதைப் பறித்துக்கொண்டு போக, டினோஜா கம்பளிச் சட்டையோடு வெயிலில் அதன் பின்னால் ஓடினாள்.

இது நடந்தது பாலம்மா கடமையேற்ற முப்பத்தெட்டாம் நாள். ஐம்பதாம் நாள், சீமெந்து வாங்கப் போன தங்கையா அந்த வழியால் வந்தார். குன்றைக் காணவில்லை. பலகை மட்டும் நின்றது. புது வீதி நல்ல சிவப்பாகச் சமனாக நீண்டு கிடந்தது.

கந்தோருக்குப் போய், குன்று போய்விட்டது, இனியாவது எங்களுக்குப் பிடித்த இடத்தில் இருக்க விடுங்கள் என்று கேட்டார். குன்று இருக்கும்போது குன்றுப்புறத்துக்கு அனுப்பலாம், குன்று இல்லாவிட்டால் வேறு குறிச்சி பார்க்கலாம், ஆனால் குன்று இல்லை என்பதற்குக் கந்தோரிடம் ஆதாரம் எதுவும் இல்லை என்று பதில் கிடைத்தது. அதற்கு அந்தப் பிரிவுக் கிராம சேவகரின் கடிதம் வேண்டும். அந்தப் பிரிவும் யாகப்பரின் பொறுப்பில்தான் இருந்தது.

யாகப்பர் கேட்டதும் கொஞ்ச நேரம் பேனையைக் கடித்தார். இருபது வருடச் சேவையில் ஆட்கள் இருப்பதாகவும் இறந்ததாகவும் எழுதியிருக்கிறார். குன்றைப் பற்றி எழுதியதில்லை. கடைசியில் தனக்குத் தெரிந்த ஒரே வாசகத்தில் எழுதிக் கொடுத்தார். "மேற்படி குன்று எனது பிரிவில் நிரந்தரமாக வசிக்கவில்லை என்பதையும், அது தற்போது எங்கு வசிக்கிறது என்பது எனக்குத் தெரியாது என்பதையும் உறுதிப்படுத்துகிறேன்."

கடிதத்தைக் கந்தோர் ஏற்றுக்கொண்டது. கோப்பில் சேர்த்து, மேலே "குன்று தற்காலிக இடமாற்றம்" என்று எழுதி, திரும்பி வரும்வரை காத்திருக்கச் சொன்னார்கள்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்த தங்கையா நடந்ததைச் சொன்னார். பாலம்மா அரிசி கழுவிக்கொண்டிருந்தவள். அவர் சிரித்துச் சிரித்துச் சொன்னார், அவளும் சிரித்தாள். பிறகு கழுவிய அரிசியையே திரும்பத் திரும்பக் கழுவினாள். இந்த இரண்டு பேரும் வீட்டுக்குள் பேசும்போது தாய் தகப்பன் தோட்டத்திலிருந்து கொண்டுவந்த பேச்சுத்தான் வரும்.

"இன்னும் முப்பத்தஞ்சு நாள்தான் இருக்குங்க" என்றாள். "ஆஸ்பத்திரியில மேற்றன் இன்னைக்கும் கேட்டாங்க. பதினோரு வருசம் அடுத்தவங்க பேரு எழுதின சட்டையப் போட்டுக்கிட்டு வேல செஞ்சேன். இப்பதான் எம்பேரு எழுதிக் குடுத்திருக்காங்க. அதத் திருப்பிக் குடுன்னா குடுக்க மாட்டேன். நீங்க எந்த ஊரு, எந்த வீடு வேணும்னாலும் பாருங்க. மரத்து மேல கட்டினாலும் வாரேன்."

தாராபுரத்துக்காக அவர் அதுவரை சேர்த்துவைத்திருந்த நியாயங்கள் எல்லாவற்றையும் தங்கையா அன்றோடு விட்டார். எங்கே என்பது போகட்டும், எப்படியாவது தீவுக்குள் போய்ச் சேர வேண்டும்.

வழி அவரைத் தேடி வந்தது. ஐம்பத்தெட்டாம் நாள், உப்புக்குளத்தில் ஒரு வீட்டுக்குப் பூச்சு வேலை செய்துகொண்டிருந்தபோது கந்தோர் வான் வந்து நின்றது. செல்வநாயகம் இறங்கி, சீமெந்துப் பைக்கற்றுகளுக்கு நடுவே கால்சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். முகத்தில் பழைய நிதானம் இல்லை. கொழும்பிலிருந்து மதிப்பீட்டுக் குழு வருகிறது, வெளிநாட்டு நிபுணரும் வருகிறார், அவர்களுக்குக் காட்ட ஒரு மாதிரி வீடு வேண்டும், இருப்பது நான்கு கிழமை. இருநூற்றுப் பதினொரு படிவத்தையும் கந்தோர் இரண்டு நாள் இருந்து புரட்டியதில், தொழில் என்ற இடத்தில் மேசன் என்று எழுதியிருந்தது ஒரே ஒருவர்தான்.

"வீடு கட்டத் தெரிஞ்ச ஆள் ஒருவரும் எங்கடை கந்தோரிலை இல்லை எண்டு இப்பதான் விளங்கிச்சுது" என்றார் செல்வநாயகம். அதை வெட்கமில்லாமல், ஒரு புள்ளிவிபரம்போல் சொன்னார்.

காணி உப்புக்குளத்திலேயே இருந்தது. கந்தோருக்கென்று கொடுக்கப்பட்டு ஒன்றரை வருடமாகச் சும்மா கிடந்த இடம். வைத்தியசாலைக்கு நடந்து போகும் தூரம். தங்கையா அதைக் காலால் அளந்து பார்த்தார், பார்த்துவிட்டுச் சரி என்றார்.

வீடு தெரிவேட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும், ஒன்பது அடித் தூண், மேலே பலகை வீடு. தூண் எதற்கு என்று தங்கையா கேட்டார். ஆற்று வெள்ளம் கீழால் போவதற்கும், குன்றுக் காற்று மேலால் வருவதற்கும் என்று பணிப்பாளர் வாசித்துக் காட்டினார்.

"இங்கை வெள்ளம் வாறதெண்டால் கடல்தான் வரவேணும். கடல் வந்தால் ஒன்பது அடி காணாது ஐயா. காத்துக்கும் குன்று தேவையில்லை. சோளகக் காத்துத் துவங்கினால் மேலை ஆள் நிக்க ஏலாது."

செல்வநாயகம் தெரிவேட்டைப் புரட்டினார். சோளகத்தைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. ஆகவே பிரச்சினை இல்லை என்று முடிவாயிற்று.

சரிபுதீனும் வேலைக்கு வந்தார். தாராபுரத்துக் காணியைப் பற்றித் தங்கையா தயங்கித் தயங்கிச் சொன்னபோது, அதையெல்லாம் பிறகு பேசலாம், முதலில் பாலம்மா அக்காவின் வேலையைக் காப்பாற்றுவோம் என்று பேச்சை முடித்துவிட்டார். தூண்களை ஊன்றி, உத்தரம் வைத்து, பலகை அடித்து, பதினைந்து படி ஏணிப்படியும் செய்து முடித்தார். மேலே ஏறி நின்று பார்த்துவிட்டு இறங்கி வந்தார்.

"தங்கையா, கப்பல் மாதிரி இருக்கு" என்றார். "நங்கூரம் ஒண்டும் தந்தவையோ?"

தங்கையாவின் கண் கீழே இருந்தது. பதினாறு தூணுக்கும் நடுவில் நல்ல நிழல். மேலே கூரையும் பலகைத்தளமுமாக இரண்டு அடுக்கு மறைப்பு, வெயில் இறங்காது. அடுத்த நாள் அவர் தூண்களுக்கிடையே கல் வைக்கத் தொடங்கினார். செல்வநாயகம் வந்து இது என்ன என்று விசாரித்தபோது, தங்கையா அந்தக் கந்தோரில் இரண்டு மாதம் படித்த பாடத்தைக் கொண்டு, அடித்தளக் காற்றுத்தடுப்பு என்றார். பணிப்பாளர் அந்தச் சொல்லை இரண்டு தரம் சொல்லிப் பார்த்து, குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு, மிகவும் திருப்தியோடு போனார். அந்தக் காற்றுத்தடுப்புக்கு இரண்டு கதவு, ஐந்து யன்னல், ஒரு குசினி, ஒரு குளியலறை, பின்னால் கிணற்றுக்குப் போக ஒரு வாசல் எல்லாம் இருந்தன.

எண்பத்தாறாம் நாள் திறப்பு விழா. அன்றுதானா இப்படி அடிக்க வேண்டும் என்று சொல்லும்படி சோளகம் அடித்தது. மதிப்பீட்டுக் குழுவில் ஐந்து பேர், வெளிநாட்டு நிபுணர் ஒருவர், ஊர்ப் பெரியவர்கள் சிலர், யாகப்பர், காத்திருப்புப் பட்டியலில் இருந்த ஆட்கள் முப்பது பேர். எல்லாரையும் படியேற்றி மேலே கொண்டுபோய் பிளாஸ்ரிக் கதிரைகளில் இருத்தினார்கள். மங்கல விளக்கு ஏழு தரம் நூர்ந்தது. எட்டாம் தரம், ஏற்றியதாகக் கருதும்படி டினோஜா அறிவித்தாள். நிபுணரின் தொப்பி உப்புக்குளத்தைக் கடந்து போனது. தெரிவேட்டைப் பணிப்பாளர் உயர்த்திக் காட்டியபோது ஆற்றங்கரைப் பக்கங்கள் கழன்று கடலை நோக்கிப் பறந்தன. வீடு மெல்ல முனகியது. ஆள் இல்லாத ஒரு கதிரை தானாக நகர்ந்து படியால் இறங்கிப் போனதைக் கண்டதும், விருந்தினர்கள் யாரும் சொல்லாமலே எழுந்து அதன் பின்னால் இறங்கினார்கள்.

கீழே காற்றுத்தடுப்புக்குள் வந்ததும் எல்லார் முகத்திலும் உயிர் வந்தது. அமைதியாக, குளிர்ச்சியாக இருந்தது. எஞ்சிய விழா அங்கேயே நடந்தது. செல்வநாயகம் தலைமயிரைச் சரிசெய்துகொண்டு, இரண்டு கையையும் சேர்த்துவைத்துப் பேசினார்.

"மதிப்புக்குரியவர்களே, மனிதர் தங்கள் இருப்பிடத்தைத் தாங்களே தெரிவு செய்வது எவ்வளவு ஆபத்தானது என்பதை நாங்கள் அறிவோம். இந்தக் கந்தோர் தொடங்கிய பதினெட்டு மாதங்களில், இருநூற்றுப் பதினொரு குடும்பங்களைப் பிழையான இடத்தில் குடியேறுவதிலிருந்து காப்பாற்றியிருக்கிறோம். அவர்களில் ஒருவர்கூட இன்றுவரை எந்த இடத்திலும் குடியேறவில்லை. எங்கள் மீது முறைப்பாடு உண்டா? உண்டு. ஆனால் வீட்டைப் பற்றி ஒரு முறைப்பாடும் இல்லை. வீடு பிடிக்கவில்லை என்று சொல்ல ஒருவரும் இல்லை. இதைவிட வெற்றி வேறென்ன?"

முன்வரிசையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். காத்திருப்புப் பட்டியல் தட்டவில்லை.

அப்போது நிபுணர் எழுந்து, இந்த வீட்டில் குடியிருக்கிறவர்களோடு பேசலாமா என்று கேட்டார். டினோஜா அதைத் தமிழில் சொன்னதும் செல்வநாயகத்தின் சேர்ந்திருந்த கைகள் பிரிந்தன. குடியிருக்க ஆளும் வேண்டும் என்று யாரும் அதுவரை யோசித்திருக்கவில்லை. அவர் சுற்றிலும் பார்த்தார். குசினி வாசலில் பாலம்மா நின்றுகொண்டிருந்தாள். காலை வேலை முடிந்து, வெள்ளைச் சட்டையோடு, தங்கையாவுக்குச் சாப்பாடு கொண்டு வந்தவள். சாப்பாட்டுப் பார்சலை அங்கே இருந்த கல்லடுப்பு மேடையில் வைத்துவிட்டு நின்ற நிலை, அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவள் போல இருந்தது. பணிப்பாளர் அவளைக் கையால் காட்டினார்.

வீடு எப்படி என்று நிபுணர் கேட்டார். கூட்டம் முழுவதும் பாலம்மாவைத் திரும்பிப் பார்த்தது. அவள் தங்கையாவைப் பார்த்தாள். அவர் நிலத்தைப் பார்த்தார்.

"மேலை காத்து ஆளை அள்ளிக்கொண்டு போகும், அங்கை இருக்க ஏலாது" என்றாள் பாலம்மா. "கீழை நல்லாயிருக்கு. எனக்கு ஆஸ்பத்திரி கிட்ட. ஆனா எங்களுக்கு இன்னும் கடிதம் தரேல்லை. இன்னும் நாலு நாளிலை தராட்டில் என்ரை வேலை போயிடும்."

டினோஜா நிபுணரைப் பார்த்து இங்கிலீசில் நிதானமாகச் சொன்னாள். இந்தப் பெண்மணி வீட்டின் காற்றோட்டத்தைப் பாராட்டுகிறார், வேலைத்தளத்துக்கான தூரத்தைப் பாராட்டுகிறார், தனக்குரிய சான்றிதழை இந்தப் பெருமைமிக்க மேடையில் பணிப்பாளரின் கையால் இப்போதே பெற்றுக்கொள்ள விரும்புகிறார்.

மதிப்பீட்டுக் குழு முழுவதும் எழுந்து நின்று கை தட்டியது. செல்வநாயகத்துக்கு வேறு வழி இருக்கவில்லை. டினோஜா கோப்பைக் கையோடு கொண்டு வந்திருந்தாள். முத்திரையும் மைப்பெட்டியும்கூட அவளுடைய கைப்பைக்குள் இருந்தன. குறிச்சி என்ற இடத்தில் செல்வநாயகம் சற்று யோசித்து, "குன்றுப்புறம் (குன்று கிடைக்கும் வரை உப்புக்குளத்தில்)" என்று எழுதினார். வீடு, கால்மேல் வீடு. யாகப்பர் அதே இடத்தில், சுவரில் தாளை வைத்தே, வதிவிடக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அடுத்த நாள் காலை பாலம்மா அதை மேற்றனின் மேசையில் வைத்தாள். மூன்று நாள் மிச்சம் இருந்தது.

மேல்வீட்டுக்குக் கொஞ்ச நாளில் செல்வநாயகமே குடிவந்தார். இந்த ஒன்றரை வருடமும் அவர் ஒரு விடுதி அறையில்தான் இருந்திருக்கிறார். தானே தயாரித்த சோதனையைத் தானே எழுதியபோது ஆற்றங்கரை என்று வந்துவிட்டதாம். சட்டத்தை மீறி வேறு இடத்தில் வீடு எடுக்க அவருக்கு மனம் வரவில்லை. ஏன் இதை முன்பே சொல்லவில்லை என்று தங்கையா கேட்டதற்கு, பணிப்பாளருக்கே வீடு கிடைக்கவில்லை என்றால் மக்கள் நம்பிக்கை இழந்துவிடுவார்கள் என்றார்.

மூன்றாம் நாள் மத்தியானம் பாயையும் தலையணையையும் சுருட்டிக்கொண்டு படியால் இறங்கி வந்து, கீழே கொஞ்சம் சரிந்தெழும்பலாமா என்று கேட்டார். பாலம்மா விறாந்தையில் இடம் ஒதுக்கிக் கொடுத்தாள். சாப்பாடும் கொடுத்தாள். அவர் மீன்குழம்பைச் சாப்பிட்டுவிட்டு விழுந்து, பின்னேரம் ஐந்து மணி வரை அசையாமல் தூங்கினார். எழும்பி, இந்த இடத்தை எப்படித் தெரிவு செய்தீர்கள் என்று உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டார். தங்கையாவுக்கு அவரை முதல் தடவையாகப் பிடித்துப்போனது. பாவம், நல்ல மனிதர், வீடு இல்லாததுதான் குறை.

மூன்று மாதத்தில் மதிப்பீட்டு அறிக்கை வெளிவந்தது. குடியமர்த்தியவர்களில் நூறு வீதம் பேர் திருப்தி என்று அதில் இருந்தது. குடியமர்த்தியது ஒரு குடும்பம் என்பது பின்னிணைப்பில் இருந்தது. திட்டத்தை மலைநாட்டுக்கும் விரிவாக்கும்படி கொழும்பு உத்தரவிட்டு, செல்வநாயகத்தைப் பதவி உயர்வோடு அங்கே மாற்றியது. தெரிவேட்டையும் புதிதாக அச்சிட்டுக் கொடுத்தது. இந்தத் தடவை கடலோரக் குறிச்சிகள்.

தங்கையாதான் அவரைப் பேருந்துக்கு ஏற்றிவிட்டார். பாலம்மா கட்டிக் கொடுத்த கருவாட்டுப் பார்சலை மடியில் வைத்துக்கொண்டு, யன்னலோரத்தில் இருந்த செல்வநாயகம், கடைசி நேரத்தில் தலையை வெளியே நீட்டினார்.

"அங்கை கடல் எந்தப் பக்கமாயிருக்கும் தங்கையா?"

"நான் வரேக்கை இருக்கேல்லை ஐயா" என்றார் தங்கையா. "இப்ப வச்சிருப்பினம்."

செல்வநாயகம் அதைக் குறித்துக்கொண்டார்.

கந்தோர் இப்போது புதுப் பணிப்பாளருக்காகக் காத்திருக்கிறது. அவர் வரும்வரை யாகப்பர் யாரிடமும் சான்றிதழ் கேட்பதில்லை. அதனால் காத்திருப்புப் பட்டியலில் பாதிப்பேர் தங்களுக்குப் பிடித்த இடத்தில் குடியேறிவிட்டார்கள். நான்கு பேருக்குத் தங்கையாதான் வீடு கட்டுகிறார்.

காலாண்டுப் பரிசோதனைக்கு டினோஜா மட்டும் தவறாமல் வருகிறாள். போன தடவை மேலே ஏறிப் பார்த்தபோது அங்கே கொடி கட்டி, பாலம்மாவின் வெள்ளைச் சட்டைகளும், பக்கத்து வீட்டுப் படுக்கைவிரிப்புகளும், சரிபுதீன் வீட்டிலிருந்து வந்த மூன்று திரைச்சீலைகளும் காற்றில் அடித்துக்கொண்டு கிடந்தன. பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும் என்று பாலம்மா பெருமையாகச் சொன்னாள். மேல்தளம் முழுமையான பாவனையில் உள்ளது என்று டினோஜா படிவத்தில் எழுதினாள். கீழே வந்து தேநீர் குடித்தாள். போகும்போது, தான் இருக்கும் அறையில் உடுப்புக் காயப்போட இடமே இல்லை என்று பொதுவாகச் சொன்னாள்.

"சனிக்கிழமை கொண்டு வாங்கோ" என்றாள் பாலம்மா.